ஒரு கொம்பு மயில்கழுத்து நிறம்

விழுப்புரத்தில் ரயில் நின்றபோது ஊர் முழுக்கப் புகை. அன்று போகி. பிளாட்பாரத்து விளக்குகளைச் சுற்றிப் புகை வட்டம் கட்டியிருந்தது. இறங்கியதும் நான் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்; பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இடது கண்ணுக்குப் புகை தேன் கலந்த பழுப்பு. வலது கண்ணுக்கு நீலம் ஓடிய சாம்பல். பக்கத்தில் பையை இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் அவரைப் பார்த்து மாறி மாறிக் கண்ணடிப்பதாக நினைத்துவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக நகர்ந்து போனார்.

விஷயம் இதுதான். எனக்குக் கண்ணில் புரை. மழைக்காலத்தில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது, இடது கண் பாக்கி. படம் வரைந்தே காலம் தள்ளியவள் நான். கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் முதலில் திறந்தது என் வண்ணப் பெட்டியைத்தான். திறந்ததும் பகீரென்றது. எனக்கு உயிரான மஞ்சள் காவிக் கட்டி, வேறு யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல வெளிறிக் கிடந்தது. சுவரில் மாட்டியிருந்த என் படங்களில் வானமெல்லாம் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. வலது கண்ணைப் பொத்தினால் எல்லாம் பழையபடி அழகு. "இவ்வளவு வருஷமும் மஞ்சக் கண்ணாடி வழியாட்டுல்லா பாத்திருக்கிய," என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடது கண்ணுக்கு அவர் கொடுத்த தேதி பொங்கல் வாரத்தில் வந்தது. பண்டிகை கழியட்டும் என்று சொல்லித் தப்பித்தேன். தள்ளிப் போடாதீர்கள், முற்றிப் போனால் சிரமம் என்று எச்சரித்துத்தான் விட்டார். ஆனால் அந்தக் கண்ணும் போனால் என் காவியும் போய்விடும், நான் அறிந்த சாயங்காலங்களும் போய்விடும் என்று எனக்குப் பயம். செய்துகொள்வதா, ஒரு கண்ணோடு நிறுத்திக்கொள்வதா என்று தெரியவில்லை. அதற்குள் ஒரே ஒரு படத்தைப் பழைய கண்ணால் மட்டும் பார்த்து வரைந்துவிட வேண்டும் என்று தோன்றியது. எதை வரைவது என்பதில் சந்தேகமே இல்லை. கல்லூரியில் படித்தபோது நானும் மும்தாஜும் உட்கார்ந்து வரைந்த பனமலை ஏரி. நாகர்கோவிலில் ரயிலேறிவிட்டேன்.

மும்தாஜ் கோட்டக்குப்பத்துப் பெண். சென்னையில் ஓவியம் படிக்கும்போது என் அறைத்தோழி. கட்டிக்கொடுத்தது திண்டிவனம். அங்கே நோட்டு, பென்சில், சார்ட் பேப்பர் விற்கும் கடை வைத்திருக்கிறாள். மகன் குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கிறான்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பனி இன்னும் விலகாத வயல்கள், வரப்பில் ஒற்றைக் காலில் கொக்குகள். எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் ஒரு மலை வந்து வானத்தை மறைத்துக்கொள்ளும். இங்கே வானம் தரைவரை இறங்கி வருகிறது. தாளில் பாதிக்கு மேல் சும்மா விட்டுவிடலாம் போன்ற ஊர். பக்கத்து சீட்டுப் பெண் அவித்த மல்லாட்டை தந்தார். நாங்கள் கடலை என்கிறோம் என்றேன். "கடலைன்னா அது வேறங்க, கொண்டக்கடலை," என்று திருத்திவிட்டு இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

அந்தப் பேச்சு சுவாரசியத்தில் கண்டக்டர் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. "பஸ் ஸ்டாண்டு உள்ள போவாதும்மா, பைபாஸ்ல எறங்கிக்கோங்க," என்று முதலிலேயே சொன்னாராம். பாலத்தடியில் என்னை இறக்கிவிட்டுப் பஸ் பறந்துவிட்டது. தோளில் பை, கையில் தாள் செருகிய பெரிய அட்டைப் பலகை. ஒவ்வொரு லாரி போகும்போதும் காற்று பலகையைப் பிடித்து இழுத்தது. பலகை என்னை இழுத்தது. இரண்டு லாரிக்கு ஒரு தடவை நான் சென்னைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தேன்.

போன் செய்ததும், பர்தாவுக்கு மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து நின்றாள் மும்தாஜ். "என்னாடி, பட்டம் வுட்டுக்கினு நிக்கிற? ஏறு ஜல்தி!" என்றாள். நான் வலது கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன். பொன் நிறத்தில், கல்லூரியில் பார்த்த அதே மும்தாஜ். இடது கண்ணை மூடிப் பார்க்க மனம் வரவில்லை.

அன்று மத்தியானம் நெய்ச்சோறும் தால்ச்சாவும். தேங்காய் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு குழம்பும் அடுப்பேறாது; இங்கே கறியும் பருப்பும் கத்திரிக்காயும் புளியுமாகக் குழைந்து வந்த அந்தத் தால்ச்சாவில் எனக்கு ஊர் மறந்துபோனது. நான் கொண்டுபோன நேந்திரங்காய் சிப்ஸை மும்தாஜின் கணவர் டிவி பார்த்துக்கொண்டே காலி செய்தார். சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை சார்ட் கேட்டு வந்த ஒரு பெண்ணுக்கு மும்தாஜ் எடுத்துக் கொடுத்தது என் வலது கண்ணுக்குச் சந்தன நிறமாகத் தெரிந்தது. பழைய சரக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பொங்கல். தெருவெல்லாம் கோலம். மொட்டை மாடியில் பாயை விரித்து என் சாமான்களைக் கடை பரப்பினேன். பாண்டிச்சேரியில் பருத்தித் துணிக் கூழில் செய்யும் கெட்டித் தாள். தடவினால் கைக்குச் சொரசொரவென்று இருக்கும்; தண்ணீரை உடனே குடிக்காமல் கொஞ்ச நேரம் மேலே தாங்கி வைத்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அதற்கு அவ்வளவு விலை. அணில் முடி தூரிகை ஒன்று. வயிறு பெருத்து நுனி ஊசியாக இருக்கும். ஒரு தடவை நனைத்தால் ஏரிக்கரை முழுக்க இழுக்கலாம். அப்புறம் நைந்த வேட்டித் துணி. புதுத் துணி ஈரத்தை இழுக்காது, பல தடவை துவைத்த வேட்டிதான் இழுக்கும். இதற்காகவே என் வீட்டுக்காரரின் வேட்டிகள் எப்போது நையும் என்று காத்திருப்பேன். அவருக்கு அது தெரியும்.

கடைசியாகக் காவிக் கட்டி. அதை ஈரத் தூரிகையால் தொட்டுத் தாளில் வைத்தால் உடனே வெயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முகம், மண், சுவர், நெல், மேகத்தின் அடிப்பக்கம் என்று அதை வைக்காத படமே நான் வரைந்ததில்லை. பெட்டியில் மற்ற கட்டிகள் எல்லாம் விளிம்போடு இருக்க, இது மட்டும் நடுவில் பள்ளம் விழுந்து தகரம் தெரியும்.

திண்டிவனத்துத் தண்ணீருக்கு என் வண்ணங்களைப் பிடிக்கவில்லை. போர் தண்ணீரின் உப்பில் நிறம் திரிந்து மணல் மணலாகப் படிந்தது. கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். தாளில் வானத்தைப் பூசி முடிப்பதற்குள் ஒரு ஓரம் காய்ந்து கோடு விழுந்தது. எங்கள் ஊர் மழைக்காலத்தில் ஒரு வானத்தைப் பூசிவிட்டு, சோறு வடித்து, மீன் குழம்பும் வைத்து இறக்கலாம். வந்து பார்த்தால் அப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். இங்கே வெயில் பின்னாலேயே வந்து துடைத்துவிடுகிறது.

"என்னாடி நீ வந்ததுலேந்து கண்ணப் பொத்திக்கினு பொத்திக்கினு பாக்குற? பேஜாரா இருக்குது," என்றாள் மும்தாஜ். சொன்னேன். இடது கண்ணைக் கொடுக்க மனமில்லை என்பதையும் சொன்னேன்.

"அட லூசு! கண்ணக் கழட்டிக்கினா போறாங்க? எங்க சின்னம்மா பண்ணிக்கினு மறுநாளு பிரியாணி துன்னாங்க. இதுக்குப் போயி பயப்படுறியே."

"பயம் ஆபரேஷனுக்கில்லட்டி. அதுக்கப்புறம் பாக்கப்போற நெறத்துக்கு."

அவள், "ஆர்டிஸ்ட்டுங்களுக்கு மட்டும் இப்பிடி ஒரு வியாதி," என்று கீழே இறங்கிப் போனாள். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கிண்ணம் வந்திருந்தது.

மூன்றாம் நாள் மாட்டுப் பொங்கல். பனமலை பஸ் வரும் வரும் என்று காத்திருந்து, வராது என்று தெரிந்தது. பாதி தூரம் ஷேர் ஆட்டோவில் போனோம். மீதிக்கு ஒரு குட்டியானை வண்டி கிடைத்தது. பண்டிகைக்கு விற்காமல் மிஞ்சிய கரும்புக் கட்டுகளை ஊருக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். முன்னால் இடமில்லை. அறுபதைத் தாண்டிய இரண்டு பெண்கள் கரும்புக் கட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டோம். தோகை முகத்தில் உரச, மேலே வானம் மட்டும் ஓடியது. வண்டி ஆடிய ஆட்டத்தில் நான் எந்தக் கண்ணை மூடியிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தூங்கியும் போனேன். எழுந்தபோது மலையும் அதன் உச்சியில் கோயிலும் தெரிந்தன.

மேலே ஏறினோம். சின்னச் சந்நிதி ஒன்றின் சுவரில் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. தலைக்கு மேல் குடை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் தேவி. முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. மிஞ்சிய இடத்தில் காவி. நான் முதலில் பழைய கண்ணால் பார்த்தேன். தேவி அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவள் போல மினுங்கினாள். புதிய கண்ணால் பார்த்தேன். சுண்ணாம்பும் மண்ணும் தெரிந்தன, முன்பு நான் கவனிக்காத மெல்லிய பச்சை ஒன்றும் ஆடையோரத்தில் தெரிந்தது. எது வரைந்தவன் வைத்த நிறம் என்று யோசித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். "கால் வலிக்குதுடி," என்றாள் மும்தாஜ்.

மலையடிவாரத்தில் ஏரிப் பக்கமாக ஒரு வீட்டு வாசலில் குடிக்கத் தண்ணீர் கேட்டோம். அங்கே ஏழுமலை என்பவர் தன் காளையைக் குளிப்பாட்டிக் கட்டியிருந்தார். அவர் மனைவி கோமதி, முப்பது வயதிருக்கும், எனாமல் டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு யோசனையில் நின்றாள். கொம்புக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. மும்தாஜ் சும்மா இருக்கமாட்டாள். "இவங்க பெரிய ஆர்டிஸ்ட்டு, தெரியுமா?" என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப நீங்களே அடிச்சுக் குடுங்கம்மா," என்றாள் கோமதி. "ஆனா ஒண்ணு. இவரு ஒரு கட்சி, இவரு அண்ணன் ஒரு கட்சி. எந்த ரெண்டு கலர சேத்து அடிச்சாலும் எவன் கொடியாச்சும் ஆயிடுது. போன வருசம் மாட்ட வுட்டுட்டு இவங்க ரெண்டு பேரும் முட்டிக்கினாங்க. எந்தக் கொடியிலயும் இல்லாத ஒரே கலரா அடிங்க."

என் வாழ்க்கையில் யாரும் இவ்வளவு தெளிவாக என்னிடம் படம் கேட்டதில்லை. நீலமும் பச்சையும் கொஞ்சம் வெள்ளையும் கலந்து மயில்கழுத்து நிறம் கொண்டுவரலாம் என்றேன். கோமதிக்குச் சந்தோஷம், அவள் கல்யாணப் புடவை அந்த நிறமாம். ஒரு டப்பா மூடியில் கலந்தேன். நிறத்தை எடைபோட எப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொள்வது என் பழக்கம். வெயில் இடது பக்கத்திலிருந்து அடித்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு கலந்து, முதல் கொம்பை அடிமுதல் நுனிவரை இழுத்தேன். காளை ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. ஏழுமலை அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றார்.

மூடியில் கலந்தது தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் போய், எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்து, மறுபடி கலந்தேன். இப்போது வெயில் வலது கண்ணில். வலது கண்ணை மூடிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் நீலம், இன்னும் கொஞ்சம் நீலம் என்று மனம் கேட்டது. கொடுத்தேன். இரண்டாவது கொம்பும் முடிந்தது. எழுந்து முன்னால் வந்து நின்றேன்.

கோமதி வாயில் கை வைத்தாள். "இன்னாம்மா இது, ஒண்ணு மயில்கழுத்து, ஒண்ணு சுத்த நீலம்!"

நான் இடது கண்ணை மூடிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். கொஞ்சம் கூடக்குறைய இரண்டும் ஒரே பச்சை. என் பழைய கண் என்னை எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று அந்த நடுவாசலில் எனக்குப் புரிந்தது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது பின்னாலிருந்து மும்தாஜ் பேசினாள்.

"இன்னா கோமதி, வம்பு பண்ற? ரெண்டும் ஒரே பச்சதானே? எங்க இருக்குது நீலம்?"

கோமதி அவளைப் பார்த்தாள். ஏழுமலையும் பார்த்தார். நான் மட்டும் பார்க்கவில்லை. எனக்கு அந்தச் சந்தன நிற சார்ட் நினைவுக்கு வந்துவிட்டது.

ஏழுமலைதான் நிலைமையைச் சமாளித்தார். "மயில்கழுத்தும் நீலமும் சேந்து எந்தக் கொடியும் இல்ல. எங்கண்ணனும் ஒண்ணும் சொல்ல முடியாது. வுடு, நல்லாத்தான் இருக்குது," என்று காளையின் முதுகில் தட்டினார். கோமதியும் சிரித்துவிட்டாள். எங்களுக்கு வடையும் பொங்கலும் இலையில் வந்தன.

வெயில் சாய்ந்ததும் ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். மடித்த வேட்டித் துணியை மூக்குக் கண்ணாடியின் வலது பக்கம் செருகிக்கொண்டேன். தாளை நனைத்தேன். நாரைகள், தண்ணீரில் தலைகீழாக மலை, கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மும்தாஜ். எல்லாவற்றின் மேலும் காவி. நான் வரைய வந்த படம் அதுவாகவே வந்துகொண்டிருந்தது. இவ்வளவு லேசாக நான் வரைந்து எத்தனையோ காலமாகிறது.

"ஸ்டெல்லா," என்றாள் மும்தாஜ், ஏரியைப் பார்த்தபடி. "அந்தக் கொம்பு நெசமாவே நீலமா?"

"ஆமாட்டி."

"ரம்ஜானுக்கு மருமவளுக்குப் பச்சப் பொடவ எடுத்து அனுப்சேன். நீலப் பொடவ நல்லா இருக்கு மாமின்னு போன் பண்ணா. வெளையாடறான்னு நெனச்சிக்கினு நானும் சிரிச்சேன்."

நான் தூரிகையைக் கீழே வைத்தேன். "எனக்கும் இந்தக் கண்ணுக்கு அது பச்சைதான் கேட்டியா," என்றேன். அவள் நகர்ந்து வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். தண்ணீர் அசையவில்லை. எங்கள் இருவருக்கும் ஏரி ஒரே பொன்னாக இருந்தது; அதன் உண்மையான நிறம் என்ன என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. அப்படியே இருந்துவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. திரும்பும்போது எங்களை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்த குட்டியானைக்காரர் ரோட்டில் ஹாரன் அடித்தார்.

காணும் பொங்கலும் கழிந்தது. மறுநாள் கடை திறந்ததும் என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். "கண்ணு தெறந்திருக்கும்போதேவா பண்ணுவாங்க? ஊசி எங்க போடுவாங்க? வெளிச்சம் தெரியுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்னை லூசு என்றவள்தான். பட்டதையெல்லாம் சொன்னேன்; ஒரு வெளிச்சம் தெரியும், அது பூப்பூவாகக் கரையும், அவ்வளவுதான் என்றேன்.

"அந்தப் புதுக் கண்ணுல நான் எப்பிடி இருக்கேன்? நெசத்தச் சொல்லு."

வந்ததிலிருந்து அவளை அந்தக் கண்ணால் நான் பார்க்கவே இல்லை. எப்படிச் சொல்வது? மேசை மேல் பள்ளிப்பிள்ளைகளுக்கு விற்கும் பென்சில் ஒன்று கிடந்தது. ஒரு தாளை இழுத்து, "அசையாம இரு," என்றேன். ஒரு கண்ணையும் மூடவில்லை. பென்சில் கோட்டுக்கு மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. இத்தனை நாள் சண்டை போட்ட இரண்டு கண்ணும் பேசாமல் ஒன்றாக வேலை செய்தன. நெற்றி வந்தது. மூக்கு வந்தது. கண்ணுக்குக் கீழே பைபோல ஒரு தொய்வு, அங்கிருந்து கன்னத்தில் இறங்கும் ஒரு கோடு. அது எனக்குப் புதிது. கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு அந்தக் கோட்டையும் போட்டேன்.

தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்தக் கோடு எப்ப வந்துச்சு?"

"தெரியாதுட்டி. இப்பதான் பாக்கேன்."

என் தோழியின் முகத்தில் இத்தனை வருடமாக என்னென்னவோ நடந்திருக்கிறது. நான் என் காவியைப் பூசி அதையெல்லாம் மூடி வைத்துக்கொண்டு, அழகாக இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கும் வந்தது. "கெழவியாத்தான் இருக்கேன்," என்று மூக்கை உறிஞ்சினாள். "பரவால்ல, என்னாட்டமே இருக்குது. எங்க ஆஸ்பத்திரில வேணாம்டி. உங்கூருக்கே வர்றேன். உன் பக்கத்துல படுத்துக்கினா பயம் இருக்காது."

"ரெண்டு பேரும் கண்ணைக் கெட்டிக்கிட்டு இருந்தா ஆட்டோ யாரு கூப்பிடுவா?"

"எங்க வூட்டுக்காரரு வரட்டும். டிவி அங்கயும் இருக்கும்ல?"

போனை எடுத்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு என் குரல் தெரியும். "தேதி வேணுமா ஆன்ட்டி? உங்களுக்கு ஒரு கண்ணுதானே பாக்கி?" என்றாள்.

மும்தாஜ் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கண்ணுன்னு எழுதிக்கோ மக்கா," என்றேன். "ஒண்ணு எனக்க கண்ணு. ஒண்ணு மும்தாஜுக்க கண்ணு."